கார் கதவைத் திறக்குமுன் பத்து நிமிஷம்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், அமெரிக்காவின் அட்லாண்டாவில் என்னோடு 19 வருடம் வேலை பார்த்த கறுப்பின நர்ஸ் ஒருவரைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். பன்னிரண்டு மணி நேர டூட்டி முடிந்து வீட்டு வாசலில் காரை நிறுத்துவார். இன்ஜினை அணைப்பார். ஆனால் இறங்க மாட்டார். ஸ்டீயரிங்கில் கையை வைத்தபடி பத்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருப்பார். கதவைத் திறந்து உள்ளே போனால் படுத்த படுக்கையாக அம்மா, மகள், பேரன், அடுப்பு, மறுநாள் சர்ச் வேலை. ஒரு நாளில் அவருக்கென்று இருந்தது அந்தப் பத்து நிமிஷம்தான்.

அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நான் நினைக்கவில்லை. இந்த மாதம் முழுக்க அவற்றுக்கே பதில். அவர் பெயரை எழுத மாட்டேன். ஆஸ்பத்திரியில் வயதில் சின்னவர்கள் எல்லாரும் பெயருக்கு முன்னால் ‘மிஸ்’ போட்டுத்தான் கூப்பிடுவோம். எனக்கு அவர் அக்கா. இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

அழுத்தம் எல்லாருக்கும் பொதுதானே? கறுப்பினப் பெண்களுக்கென்று தனியாக என்ன இருக்கிறது?
– உளவியல் மாணவி, சென்னை

நான் பிறந்தது குளச்சல் பக்கம், கடலோர வீடு. எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியும் உள்நாட்டில் என் சித்தி வீட்டு ஜன்னல் கம்பியும் ஒரே பட்டறையில் அடித்தவை. சித்தி வீட்டுக் கம்பி இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. எங்கள் வீட்டுக் கம்பி பத்து வருடத்தில் பொரிந்து, தொட்டால் செதிள் செதிளாக உதிர்ந்தது. இரும்பில் குறை இல்லை. ராத்திரி பகல் பாராமல் உப்புக்காற்று அடித்துக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான்.

ஆர்லின் ஜெரோனிமஸ் என்ற பொதுச் சுகாதார ஆய்வாளர் 1992-இல் இதைத்தான் சொன்னார். பதின்வயதில் பிள்ளை பெறுவது ஆபத்து, இருபதுகளில் பெற்றால் நல்லது என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. வெள்ளையினப் பெண்களிடம் அந்தக் கணக்கு சரியாக வந்தது. கறுப்பினப் பெண்களிடம் தலைகீழாக இருந்தது. பதின்வயதின் கடைசியில் பெற்ற குழந்தைகளைவிட இருபதுகளில் பெற்ற குழந்தைகள் அதிகமாக இறந்தன. இளம் வயதிலேயே அந்தத் தாய்மாரின் உடம்பு தேயத் தொடங்கிவிட்டது என்றார் அவர். அதற்கு ‘வெதரிங்’ என்று பெயர் வைத்தார். வெயிலும் மழையும் காற்றும் பட்டுப் பட்டு அரிக்கப்படுவது. என் காதில் அது உப்புக்காற்று என்றே விழுகிறது.

உடம்புக்குள் நடப்பதும் உனக்குப் பாடத்தில் வந்திருக்கும், தங்கச்சி. ஆபத்து வந்தால் அட்ரினலின், கார்டிசால் என்ற ஹார்மோன்கள் ஏறும், ஆபத்து போனதும் இறங்கும். கடைக்குள் நுழைந்தால் காவலாளி பின்னாலேயே வருகிறான். மீட்டிங்கில் குரலைக் கொஞ்சம் உயர்த்தினால் ‘கோபக்காரி’ என்று பெயர் வருகிறது. மகன் காரை எடுத்துக்கொண்டு போனால் போலீஸ் நிறுத்திவிடக் கூடாதே என்று திரும்பி வரும்வரை போனைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டியிருக்கிறது. இப்படி ஏறியது இறங்க வழியே இல்லாவிட்டால் ரத்தக்குழாய் என்ன செய்யும்? அமெரிக்காவில் வயது வந்த கறுப்பினத்தவரில் பாதிக்கு மேல் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள்.

அக்காவுக்கு முதல் தடவை நான் பிரஷர் பார்த்தது ஒரு நைட் டூட்டியில், பிரேக் ரூமில். கண்ணுக்குள் மின்னுகிறது என்றார். 178-க்கு 104. அப்போது அவருக்கு வயது 44. “யார்கிட்டயும் சொல்லாதே பேபி, ஏழாம் நம்பர் பெட்டுக்கு ஐ.வி. மாத்தணும்” என்று எழுந்து போய்விட்டார்.

படித்து நல்ல வேலைக்குப் போனால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். சரியாகவில்லை. பிரசவத்தை ஒட்டி நேரும் மரணங்களைப் பார்த்தால், கல்லூரிப் பட்டம் பெற்ற கறுப்பினத் தாய்மாரின் விகிதம், பள்ளிப்படிப்பை முடிக்காத வெள்ளையினத் தாய்மாரின் விகிதத்தைவிட அதிகம். ஷெர்மன் ஜேம்ஸ் என்ற ஆய்வாளர் இதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றைக் கண்டார். வட கரோலினாவில் ஜான் ஹென்றி மார்ட்டின் என்ற விவசாயியைச் சந்தித்தார். குத்தகைக் கடனிலிருந்து தன் உழைப்பால் மீண்டு சொந்த நிலம் வாங்கியவர். ஆனால் ஐம்பதுகளிலேயே உயர் ரத்த அழுத்தம், மூட்டுவாதம், வயிற்றுப் புண். இரும்புத் துரப்பணம் அடிப்பதில் இயந்திரத்தோடு போட்டி போட்டு ஜெயித்து, கையில் சுத்தியலோடு செத்து விழுந்த ஜான் ஹென்றி என்ற தொழிலாளியின் கதை அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதே பெயர் இவருக்கும். போராடி ஜெயிப்பதற்கும் உடம்பு ஒரு விலை கொடுக்கிறது என்பதைத்தான் ஜேம்ஸ் ‘ஜான் ஹென்றியிசம்’ என்றார்.

என் மகள் அட்லாண்டாவில் எம்.எஸ். படிக்கிறாள். கூட இருக்கும் கறுப்பினப் பெண் பகலில் எல்லாருக்கும் ஓடி ஓடி உதவுகிறாளாம். ராத்திரி போர்வைக்குள் அழுகிறாளாம். கேட்டால் “நான் நல்லாத்தான் இருக்கேன்” என்கிறாள். என் மகள் என்ன செய்யலாம்?
– ஒரு தாய், கோவை

முதலில், “நீ எவ்வளவு தைரியசாலி!” என்று மட்டும் சொல்ல வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். அந்தப் பெண் பிறந்ததிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். பாராட்டு போலத்தான் இருக்கும். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு அழ முடியாது, உதவி கேட்கவும் முடியாது. ஷெரில் வுட்ஸ் ஜிஸ்கோம்பே என்பவர் எங்கள் நர்சிங் துறைக்காரர். கறுப்பினப் பெண்களைக் குழுக்குழுவாக உட்காரவைத்துப் பேசவிட்டுக் கேட்டு, 2010-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். வலிமையாகக் காட்டிக்கொள்ள வேண்டும், உணர்ச்சியை அடக்க வேண்டும், யாரையும் சார்ந்திருக்கக் கூடாது, கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் ஜெயிக்க வேண்டும், தன்னை விட்டுவிட்டு மற்றவர்களைப் பார்க்க வேண்டும். இந்த ஐந்தையும் அந்தப் பெண்கள் கடமையாகவே சுமக்கிறார்கள் என்று கண்டார். உங்கள் மகளின் தோழி செய்வது இந்த ஐந்தும்தான்.

“ஏதாவது உதவி வேணுமா?” என்று கேட்டாலும் “வேண்டாம்” என்றுதான் வரும். கேட்காமல் செய்யட்டும். தன் துணியோடு அவள் துணியையும் மிஷினில் போட்டு மடித்து வைக்கட்டும். ரசம் வைக்கும்போது இன்னொரு தம்ளர் சேர்த்து வைத்து அவள் மேசையில் கொண்டுபோய் வைக்கட்டும். ராத்திரி அழும் சத்தம் கேட்டால், கேட்காதது போலத் திரும்பிப் படுக்காமல், எழுந்து போய்ப் பக்கத்தில் உட்காரட்டும். பேச வேண்டும் என்றுகூட இல்லை.

பல்கலைக்கழகத்தில் கவுன்சலிங் மையம் இருக்கும். முதல் தடவை வாசல் வரை கூடப் போகட்டும். வாழ வேண்டாம் என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்துவிட்டால் தாமதிக்கக் கூடாது. அமெரிக்கா முழுவதும் 988 என்ற மூன்று இலக்க எண் இருக்கிறது. எந்த நேரமும் எடுப்பார்கள்.

செல்ஃப் கேர் என்றால் வாசனை மெழுகுவர்த்தி, ஸ்பா, முகத்துக்கு மாஸ்க். காசுள்ளவர்கள் பிழைப்பு. கஷ்டப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்வது நியாயமா?
– ஆசிரியர், பாளையங்கோட்டை

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது சார். ஆனால் அந்தச் சொல்லைக் கடைக்காரர்கள் எடுத்துக்கொள்வதற்கு முன்னால் அது யார் கையில் இருந்தது என்று சொல்கிறேன்.

அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உரிமைக்காக எழுந்த கறுஞ்சிறுத்தைக் கட்சி (பிளாக் பேந்தர்) என்றதும் துப்பாக்கிதான் நினைவுக்கு வரும். 1970 வாக்கில் அவர்கள் ஊர் ஊராக இலவச மருத்துவ மையம் திறந்தார்கள். டாக்டர்கள் ஏறெடுத்துப் பார்க்காத தெருக்களில் ரத்த அழுத்தம் பார்த்தார்கள், அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோய்க்குப் பரிசோதனை செய்தார்கள். நம்மை யாரும் பார்க்காவிட்டால் நம்மை நாமே பார்த்துக்கொள்வோம் என்பதே அங்கே அந்தச் சொல்லுக்கு அர்த்தம். கவிஞர் ஆட்ரி லார்ட் புற்றுநோயோடு போராடிக்கொண்டு எழுதியது இன்றைக்குக் கோப்பையிலும் பையிலும் அச்சாகிறது. தன்னைப் பேணுவது சொகுசு அல்ல, தன்னைக் காத்துக்கொள்வது, அது ஒரு அரசியல் போர் என்றார். கல்லீரல் வரை பரவிய புற்றுநோயோடு இருந்த பெண்ணின் வார்த்தை அது.

பில்லி ஏவரியைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். புளோரிடாவில் இருந்தவர். 33 வயதில் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். படித்த குடும்பம், ஆனாலும் கணவருடைய பிரஷரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த இழப்பிலிருந்துதான் அவர் சுகாதார வேலைக்குள் வந்தார். 1983-இல் அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரியில் கறுப்பினப் பெண்களின் உடல்நலத்துக்காக ஒரு மாநாடு கூட்டினார். சுமார் 2,000 பெண்கள் வந்துவிட்டார்கள். ஏழைகள், பேராசிரியைகள், பாட்டிமார், கைக்குழந்தையோடு வந்தவர்கள். அதிலிருந்து ஊருக்கு ஊர் சின்னச் சின்ன வட்டங்கள் கிளம்பின. பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து, தன் வாழ்க்கையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று ஒவ்வொருவராகச் சொல்வது. அடி, கருச்சிதைவு, சின்ன வயதில் நடந்த கொடுமை, தூக்கமின்மை. யாரும் புத்தி சொல்லக் கூடாது, கேட்க மட்டும் வேண்டும்.

அக்காவும் அப்படி ஒரு வட்டத்தில் இருந்தார். மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை, யாராவது ஒருவர் வீட்டு ஹாலில். ஒரு தடவை என்னையும் கூட்டிப் போனார். மெழுகுவர்த்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. கொலார்ட் கீரை, சோள ரொட்டி, பெரிய ஜாடியில் இனிப்பு டீ. ஒரு பாட்டி நாற்பது வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். சொல்லி முடித்ததும் பக்கத்தில் இருந்தவர் அந்தப் பாட்டியின் செருப்பைக் கழற்றி, காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். நான் பார்த்த செல்ஃப் கேர் அது சார்.

பகலில் தூங்கினால் சோம்பேறி என்று மாமியார் திட்டுகிறார். அங்கே எப்படி?
– வாசகி, தேனி

அட்லாண்டாவில் ட்ரிஷியா ஹெர்சி என்பவர் 2016-இல் ‘நாப் மினிஸ்ட்ரி’ என்று ஒன்றைத் தொடங்கினார். பாயும் தலையணையும் விரித்து, ஊர்க்காரர்களை வரவைத்து, சேர்ந்து தூங்கவைப்பது. சொல்லும்போது விளையாட்டு போலத் தோன்றும். பருத்திக் காட்டில் விடிவதற்கு முன்னால் எழுப்பி இருட்டும்வரை வேலை வாங்கப்பட்ட முன்னோர்களின் தூக்கம் திருடப்பட்டது, அதைத் திரும்ப எடுக்கிறோம் என்கிறார் அவர். மாமியாரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அவரும் ஒரு நாள் மத்தியானம் நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டார்.

என்னோட வேலை செய்யிற கறுப்பினப் பிள்ளை ஒருத்தி புதுசா பின்னல் போட்டுக்கொண்டு வந்தவ. வடிவா இருக்கு எண்டு நான் தொட்டுப் பாத்தனான். அவவின்ர முகம் மாறிப் போச்சு. பாசத்திலதான் தொட்டனான். பிழையோ?
– வாசகி, ரொறொன்ரோ

பிழைதான் தங்கச்சி. அடுத்த நாள் போய் ஒரு வார்த்தை “மன்னிச்சுக்கோ” என்று சொல்லிவிடுங்கள், நீட்டி விளக்க வேண்டாம்.

அந்தத் தலைமுடிக்குப் பெரிய சரித்திரம் இருக்கிறது. 1786-இல் லூசியானாவின் ஸ்பானிய ஆளுநர் மிரோ, சுதந்திரமான கறுப்பினப் பெண்கள் தலையைத் துணியால் மூடிக்கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார். அவர்கள் அலங்காரம் கண்ணை உறுத்தியதாம். பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பளபளக்கும் பட்டையும் இறகையும் எடுத்து, அந்தத் தலைக்கட்டையே அலங்காரமாக்கிவிட்டார்கள். நம் காலத்துக்கு வந்தாலும், பின்னல் போட்டதற்காக வேலை மறுக்கப்பட்டவர்களும் பள்ளிக்கூடத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளும் உண்டு. அப்படிச் செய்வது சட்டவிரோதம் என்று கலிபோர்னியா 2019-இல்தான் முதலில் சட்டம் போட்டது. ‘கிரௌன் ஆக்ட்’ என்பார்கள். பிறகு இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் பின்தொடர்ந்தன. இத்தனையையும் தாங்கிய தலையில், கேட்காமல் இன்னொரு கை விழுந்தால் எப்படி இருக்கும்?

அதே தலைமுடிதான் அவர்களுக்குப் பெரிய ஓய்வும். ‘வாஷ் டே’ என்று ஒரு நாளையே ஒதுக்கிவைப்பார்கள். நமக்குச் சனி நீராடுவது போல. முதலில் எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்து, அலசி, கண்டிஷனர் போட்டு மூடி, ஷியா வெண்ணெய் தடவி, பகுதி பகுதியாகப் பிரித்து முறுக்கிவிடுவது. நாலைந்து மணி நேரம் ஆகும். ராத்திரி சாட்டின் தொப்பி போட்டுப் படுப்பார்கள், தலையணையின் பருத்தி உறை ஈரத்தை உறிஞ்சிவிடாமல் இருக்க. அக்காவின் வாஷ் டேயில் யாரும் போன் பண்ணக் கூடாது. அவர் தரையில் குஷன் போட்டு உட்கார, மகள் சோபாவில் அமர்ந்து அம்மாவின் தலையை முழங்கால்களுக்கு நடுவில் வைத்துப் பின்னுவாள். எங்கள் வீட்டுத் திண்ணையில் என் அம்மாச்சி எனக்குப் பேன் பார்த்த அதே இருப்பு. என் ஞாபகத்தில் அக்காவின் முகம் முழுசாகத் தளர்ந்து இருந்தது அந்த ஒரு நேரத்தில்தான்.

நம்ம ஊர் யோகாவை அவர்கள் செய்வார்களா? இல்லை, அது அங்கே வெள்ளைக்காரர்கள் ஃபேஷன் மட்டும்தானா?
– யோகா பயிற்சியாளர், சேலம்

1955-இல் அலபாமாவின் மான்ட்கமரியில் வெள்ளையருக்காக பஸ் இருக்கையை விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸ் யோகா செய்வார். 1973-இல் விரிப்பில் படுத்து ஆசனம் செய்யும் அவருடைய புகைப்படம் இருக்கிறது. அறுபது வயது அப்போது. கைது, வேலை பறிபோனது, கொலை மிரட்டல், ஊரைவிட்டு டெட்ராய்ட் போனது, வயிற்றுப் புண், எல்லாம் கடந்து வந்த உடம்பு.

இன்னொருவர் எரிக்கா ஹக்கின்ஸ். கறுஞ்சிறுத்தைக் கட்சிக்காரர். 1969 ஜனவரியில் கணவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது கையில் மூன்று வாரக் குழந்தை. அதே வருடம் அவரையும் கைது செய்து கனெக்டிகட் சிறையில் போட்டார்கள். குழந்தையிடமிருந்து பிரித்து இரண்டு வருடம். அந்த அறைக்குள் புத்தகத்தைப் பார்த்து யோகாவும் தியானமும் கற்றுக்கொண்டார். வாரத்துக்கு ஒரு முறை மகளைப் பார்க்கும்போது உடைந்துபோகாமல் இருக்க அதுதான் உதவியது என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார். 1971-இல் வெளியே வந்தார். ஓக்லண்டில் கட்சி நடத்திய பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஏற்று, பிள்ளைகளுக்கும் தியானம் சொல்லிக்கொடுத்தார். பிராணாயாமம் சொல்லிக்கொடுக்கும்போது இவரையும் உங்கள் மாணவர்களிடம் சொல்லுங்கள் தம்பி.

நடைப்பயிற்சி போதுமா அக்கா?
– வாசகி, திருச்சி

கூட ஆள் இருந்தால் போதும். 2010-இல் மார்கன் டிக்சன், வனெசா கேரிசன் என்ற இரண்டு தோழிகள் ‘கேர்ள்ட்ரெக்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். தினம் அரை மணி நேரம் கறுப்பினப் பெண்கள் தங்கள் தெருவில் நடக்க வேண்டும், அவ்வளவுதான். அடிமைத்தளையிலிருந்து நடந்தே தப்பி, திரும்பத் திரும்ப வந்து மற்றவர்களையும் நடத்திக் கூட்டிப்போன ஹேரியட் டப்மனை முன்னோடியாக வைத்திருக்கிறார்கள். இன்றைக்குப் பத்து லட்சத்துக்கு மேல் பெண்கள் அதில் சேர்ந்திருக்கிறார்கள். அக்காவும் நானும் சனிக்கிழமை விடியற்காலை, பழைய ரயில் தடத்தைப் பாதையாக்கிய பெல்ட்லைனில் நடப்போம். முதல் ஒரு மைல் ஆஸ்பத்திரிப் பேச்சு. இரண்டாவது மைலில் பேச்சு நின்றுவிடும். மூச்சு மட்டும்.

செரீனா வில்லியம்ஸ் மாதிரிப் பணக்காரிக்கே பிரசவத்தில் ஆபத்து வந்தது என்று படித்தேன். உண்மையா? என் மருமகளுக்கு அங்கே அடுத்த மாதம் பிரசவம்.
– வாசகி, மதுரை

உண்மை. 2017 செப்டம்பரில் சிசேரியன் ஆன மறுநாள் அவருக்கு மூச்சு முட்டியது. நுரையீரலில் ரத்தக்கட்டி வந்த அனுபவம் அவருக்கு முன்பே உண்டு. ஆகவே, “சி.டி. ஸ்கேன் வேணும், ஹெப்பாரின் போடுங்க” என்று தானே போய்ச் சொன்னார். ஹெப்பாரின் என்பது ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து. வலி மருந்து குழப்புகிறது என்று நினைத்தார் நர்ஸ். முதலில் காலுக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. கடைசியில் சி.டி. எடுத்தபோது நுரையீரலில் ரத்தக்கட்டிகள். உலகத்தில் தன் உடம்பை அவரைவிட அறிந்தவர் யார்?

2023-ஆம் ஆண்டுக் கணக்கில் 1 லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இறந்த தாய்மார், கறுப்பினத்தவரில் 50.3, வெள்ளையினத்தவரில் 14.5. பிரசவத்தை ஒட்டிய மரணங்களில் 80 சதவீதத்துக்கு மேல் தடுத்திருக்கக்கூடியவை. அதனால்தான் அங்கே கறுப்பினப் பெண்கள் பலர் ‘டூலா’ ஒருவரை வைத்துக்கொள்கிறார்கள். மருத்துவம் பார்ப்பவர் இல்லை. பக்கத்தில் இருந்து முதுகைத் தடவி, தாய் சொல்வதை டாக்டர் காதில் விழச் செய்கிறவர். உங்கள் மருமகளுக்கும் அப்படி ஒரு ஆள் கட்டிலருகில் இருக்கட்டும். வீட்டுக்கு வந்த பிறகு கடுமையான தலைவலி, மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, ஒரு காலில் மட்டும் வீக்கம் என்று எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு. “இப்பதான் குழந்தை பெத்தேன்” என்பது முதல் வார்த்தையாக இருக்க வேண்டும்.

ஜெபம் போதாதா? எதற்கு மனநல மருத்துவர்?
– வாசகர், நாசரேத்

அக்காவின் பாஸ்டரிடம் இதே கேள்வியை ஒருவர் கேட்டார். கால் ஒடிந்தால் ஜெபமும் செய்வோம், மாவுக்கட்டும் போடுவோம் என்றார் அவர். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆனால் மாவுக்கட்டு போடும் கையை நம்ப வேண்டுமே. அலபாமாவில் 1840-களில் அடிமைப் பெண்களை மயக்கமருந்து இல்லாமல் அறுத்துப் பார்த்துத்தான் மேரியன் சிம்ஸ் என்ற டாக்டர் பெயர் வாங்கினார். அவர்களில் மூவரின் பெயர் தெரியும்: அனார்க்கா, பெட்ஸி, லூசி. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் இருந்த சிம்ஸின் சிலையை 2018-இல்தான் எடுத்தார்கள். அதே அலபாமாவின் தஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை அரசு மருத்துவர்கள் கறுப்பின ஆண்களின் மேகநோயைச் சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்தார்கள். பாட்டி சொல்லிப் பேத்திக்குத் தெரிந்த கதைகள் இவை. ஆகவேதான் தன்னைப் போன்ற ஒருவரிடம் பேச விரும்புகிறார்கள். அட்லாண்டாவில் ஜாய் ஹார்டன் பிராட்ஃபோர்ட் என்ற உளவியலாளர் 2014-இல் ‘தெரபி ஃபார் பிளாக் கேர்ள்ஸ்’ தொடங்கினார். எந்த ஊரில் எந்த மனநல ஆலோசகர் இருக்கிறார் என்று அதன் மூலம் தேடிப் பிடிக்கலாம். நடிகை டராஜி ஹென்சன் தன் அப்பா பெயரில் 2018-இல் தொடங்கிய அறக்கட்டளை, கட்டணம் கொடுக்க முடியாதவர்களுக்கு ஆலோசனை அமர்வுகளுக்குப் பணம் கட்டியிருக்கிறது. அக்கா 58 வயதில் முதல் தடவை ஆலோசகரிடம் போனார். சர்ச்சை விடவில்லை.

நானும் நர்ஸ். மேரிலாந்தில் இருக்கிறேன். நாம் வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை. இந்த விஷயத்தில் நமக்கு என்ன பங்கு? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம்

இந்தக் கடிதத்தை மூன்று நாள் மேசையிலேயே வைத்திருந்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். நைட் டூட்டி. பத்தொன்பது, இருபது வயதுக் கறுப்பினப் பெண், அரிவாள் செல் நோய். ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து நுண்ணிய குழாய்களில் சிக்கிக்கொள்ளும் நோய். நம் நீலகிரி மலைவாழ் மக்களிடமும் அது இருப்பதை 1952-லேயே கண்டுபிடித்தார்கள். அடைபட்ட இடத்தில் எலும்பே உடைவது போல வலிக்கும். அந்தப் பெண் மணியை அடித்துக்கொண்டே இருந்தாள். சத்தம் போடவில்லை, போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். வலி எவ்வளவு என்று கேட்டால், பத்துக்குப் பத்து என்றாள். டியூட்டி டாக்டர் “காத்திருக்கட்டும்” என்றார். நான் மறுபடி கூப்பிடவில்லை. அது மட்டும் இல்லை. காலையில் டூட்டி ஒப்படைக்கும்போது, “இந்தப் பெண் போதைக்காகவே வலி மருந்து கேட்கிற மாதிரி இருக்கிறது” என்று என் வாயால் சொன்னேன். பத்துக்குப் பத்து வலி உள்ளவள் கத்த மாட்டாளா என்று நினைத்தேன். பிறந்ததிலிருந்து அந்த வலியோடு இருப்பவள் கத்துவதை எப்போதோ விட்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

அக்காதான் அடுத்த டூட்டி. ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டார். நேராக அந்த அறைக்குப் போனார், டாக்டரைக் கூப்பிட்டார், மருந்து வாங்கிப் போட்டார், சூடான போர்வை கொண்டுவந்து காலைச் சுற்றினார். அப்புறம் வெளியே வந்து, பார்க்கிங்குக்குப் போய்க்கொண்டிருந்த என்னை நிறுத்தி, மெதுவாகச் சொன்னார்: “அந்தப் பிள்ளை இடத்தில நான் படுத்திருந்தாலும் நீ இப்படித்தான் சொல்லியிருப்பே பேபி.”

பல வருடம் கழித்து, 2016-இல், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் வெள்ளையின மருத்துவ மாணவர்களையும் பயிற்சி டாக்டர்களையும் கேட்டு ஓர் ஆய்வு செய்தார்கள். கறுப்பினத்தவருக்குத் தோல் தடிமன் என்பது போன்ற பொய்களில் ஏதாவது ஒன்றையாவது சுமார் பாதிப் பேர் நம்பினார்கள். நான் வெள்ளைக்காரி இல்லை. ஆனால் அந்த நம்பிக்கை அந்தக் கட்டடத்தின் காற்றில் இருந்தது, நானும் அதைச் சுவாசித்தேன். நிறத்தைப் பற்றிச் சின்ன வயதில் நம் வீட்டில் கேட்ட பேச்சும் உள்ளே கிடந்தது. நமக்கு என்ன பங்கு என்று கேட்டீர்களே தங்கச்சி, இதுதான்.

அதன்பின் நான் செய்தது பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். வலி என்று சொன்னால் வலி என்றே எழுதினேன். டாக்டர் எடுக்காவிட்டால் மேலே இருப்பவரைக் கூப்பிட்டேன். அக்காவும் நானும் சேர்ந்து நைட் டூட்டி பார்த்த நாட்களில், விடிகாலை நாலு மணிச் சுற்றில் அவருடைய பெட்டுகளையும் நானே பார்த்தேன். முதல் இரண்டு வாரம் “வேண்டாம்” என்றார். மூன்றாவது வாரம் ஷூவைக் கழற்றி, வீங்கின இரண்டு காலையும் கவிழ்த்த துணிக்கூடை மேல் நீட்டி, இருபது நிமிஷம் கண்ணை மூடினார். அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. உங்கள் வார்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். அவருடைய நாலு மணிச் சுற்று எது என்று பாருங்கள்.

அக்கா ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் போன் செய்வார். எப்சம் உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொண்டுதான் பேசுவார், தண்ணீர்ச் சத்தம் கேட்கும். நான் முதலில் கேட்பது பிரஷர்தான். போன வாரம் 128-க்கு 80 என்றார்.